ஐகானை கிளிக் செய்தால் யார் எழுந்து வருகிறார்கள்? லினக்ஸில் வரைகலை நிரல்கள் தொடங்கும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டெர்மினலில் டைப் செய்தால் ஓடுகிறது, ஐகானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை." லினக்ஸ் பக்கம் வந்த புதிதில் நான் கேட்ட முதல் கேள்வி இது. இப்போது மற்றவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி எந்த வடிவில் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, பெற்றது யார்? பாதிச் சிக்கல்கள் அங்கேயே அவிழ்ந்துவிடும். கீழே உள்ளவை பெரும்பாலும் லினக்ஸுக்கானவை. மேக் பற்றி ஒரு கேள்வி கடைசிப் பக்கமாக இருக்கிறது.

விண்டோ உள்ள நிரல் என்றால் கெர்னலுக்கு அது தனி வகை ப்ராசஸா?

இல்லவே இல்லை. ப்ராசஸ்களை ஆளும் மையப் பகுதியான கெர்னலுக்கு விண்டோ என்றால் என்னவென்றே தெரியாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை எப்படிப் பிறக்கிறதோ அப்படித்தான் ஃபயர்ஃபாக்ஸும் பிறக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸ் 'ஃபோர்க்' செய்து தன்னைப் போலவே ஒரு நகலை உண்டாக்கும். அந்த நகல் 'எக்ஸெக்' செய்து, தன் உடம்புக்குள் வேறொரு நிரலை ஏற்றிக்கொள்ளும். பெரிய ப்ராசஸை நகலெடுத்தால் நினைவகம் வீணாகாதா என்று கேட்பார்கள். ஆகாது. இருவரும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். யாராவது ஒருவர் எழுதப் போகும்போதுதான் அந்தப் பக்கம் மட்டும் தனியாக நகலெடுக்கப்படும்.

கவனிக்க வேண்டியது, எக்ஸெக் ஆன பிறகும் கையோடு வருபவை: யூசர் எண், அப்போது இருந்த ஃபோல்டர், திறந்திருந்த கோப்புகள். சூழல் மாறிகளும் (பெயரும் மதிப்புமாக நிரலுக்குத் தரப்படும் குறிப்புகள்) பெற்றவர் கொடுத்து அனுப்புபவைதான். இந்தச் சீதனத்தில்தான் எல்லா வம்பும் இருக்கிறது.

அப்படியானால் விண்டோ எங்கிருந்து வருகிறது?

நிரல் பிறந்த பிறகு, அதுவாகவே போய்த் திரையை ஆளும் இன்னொரு ப்ராசஸின் கதவைத் தட்டுகிறது. "எனக்கு இந்த அளவில் ஓர் இடம் கொடு, இதை அதில் காட்டு" என்று கேட்கிறது. அந்த இன்னொரு ப்ராசஸ், பழைய ஏற்பாட்டில் எக்ஸ் சர்வர். எம்ஐடியில் அதீனா திட்டத்தின்போது 1984இல் தொடங்கியது இது. இன்றும் புழங்கும் எக்ஸ்11 வந்தது 1987இல். புதிய ஏற்பாடு 2008இல் தொடங்கிய வேலண்ட். அதில் விண்டோக்களை அடுக்கும் கம்பாசிட்டரே சர்வரும் ஆகிவிடுகிறது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது நிரலுக்கு எப்படித் தெரியும்? சூழல் மாறிதான் சொல்லும். எக்ஸில் 'டிஸ்ப்ளே' என்ற மாறி. அதன் மதிப்பு பெரும்பாலும் :0 என்று இருக்கும். அதைப் பார்த்து நிரல் டெம்ப் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் எக்ஸ்0 என்ற சாக்கெட்டை, அதாவது ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் வாசலை, தேடிப் போகும். வேலண்டில் 'வேலண்ட் டிஸ்ப்ளே' என்றொரு மாறி சாக்கெட்டின் பெயரையும், 'எக்ஸ்டிஜி ரன்டைம் டிர்' என்ற மாறி அது இருக்கும் ஃபோல்டரையும் சொல்லும். உங்கள் யூசர் எண் 1000 என்றால் அந்த ஃபோல்டரின் பெயரும் 1000தான். "டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை" என்று ஒரு நிரல் புலம்பினால், பத்தில் எட்டு முறை அதன் கையில் இந்த முகவரி இல்லை என்று அர்த்தம்.

மெஷினை ஆன் செய்ததிலிருந்து என் டெஸ்க்டாப் வரை யார் யாரைப் பெறுகிறார்கள்?

கெர்னல் தானாகத் தொடங்கிவைக்கும் முதல் யூசர் நிரல் ப்ராசஸ் எண் 1. இன்றைய பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) அது சிஸ்டம்டி. அது ரூட் (முழு அதிகாரமுள்ள யூசர்) உரிமையோடு, லாகின் திரையைக் காட்டும் டிஸ்ப்ளே மேனேஜர் ஒன்றைத் தொடங்கும். ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்-டிஎம் இவையெல்லாம் அந்த ரகம். இவற்றுக்கெல்லாம் மூத்தது எக்ஸ்டிஎம். 1988இல் எக்ஸ்11இன் மூன்றாம் வெளியீட்டோடு வந்தது.

லாகின் திரையில் கடவுச்சொல் சரியானதும் டிஸ்ப்ளே மேனேஜர் ஃபோர்க் செய்யும். பிள்ளை ரூட் உரிமையைத் துறந்து உங்கள் யூசர் எண்ணுக்கு மாறும். பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த செஷனை (உங்கள் டெஸ்க்டாப்பைத் தொடங்கிவைக்கும் நிரலை) எக்ஸெக் செய்யும். இந்த வரிசை முக்கியம்: முதலில் ரூட் உரிமையை விட்ட பிறகுதான் உங்கள் நிரல் எதுவும் ஓடும். லாகின் திரையின் மூலையில் சிறு பல்சக்கரத்தை அழுத்தினால் வரும் செஷன் பட்டியல், எக்ஸ்செஷன்ஸ், வேலண்ட்செஷன்ஸ் என்ற இரண்டு ஃபோல்டர்களில் கிடக்கும் சிறு கோப்புகளிலிருந்து வருவதுதான்.

பழைய காலத்தில் வம்சம் நேராக இருந்தது: டிஸ்ப்ளே மேனேஜர், அதன் பிள்ளை செஷன், அதன் பிள்ளை விண்டோ மேனேஜர், அதன் பிள்ளைகள் உங்கள் நிரல்கள். இப்போது கிளை பிரிந்துவிட்டது. நீங்கள் லாகின் ஆனதும் உங்களுக்கென்று தனியாக ஒரு சிஸ்டம்டி, யூசர் மேனேஜர் என்ற பெயரில், தொடங்கும். க்னோம் டெஸ்க்டாப்பின் 2019இல் வந்த 3.34 பதிப்பிலிருந்து க்னோம் ஷெல்லையே இந்த யூசர் மேனேஜர்தான் பெறுகிறது. டிஸ்ப்ளே மேனேஜர் பெற்ற கிளை, செஷன் முடியும்வரை வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும் காவலாளிபோலத்தான். இந்த வம்சத்தை மரமாகக் காட்டும் பிஎஸ்ட்ரீ கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதைப் பத்துப் பத்தி படிப்பதைவிட அந்த ஒரு படம் போதும்.

ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் திரை ஒரு நொடி மின்னிவிட்டு மறுபடி டெர்மினலுக்கே வந்துவிடுகிறதே?

இதில் நான் ஒரு சனிக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். உரை டெர்மினலிலிருந்து எக்ஸைத் தொடங்கும் கட்டளையான ஸ்டார்ட்எக்ஸ், உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பை ஓட்டும். அந்த ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டால் செஷனும் முடிந்தது என்று கணக்கு. எக்ஸ் சர்வரையும் இறக்கிவிடும். நான் என்ன செய்திருந்தேன் என்றால், வால்பேப்பர், கடிகாரம், விண்டோ மேனேஜர் என்று ஒவ்வொரு வரியின் கடைசியிலும் & போட்டிருந்தேன். எல்லாம் பின்னணிக்குப் போயின. ஸ்கிரிப்ட் காத்திருக்க ஒன்றும் இல்லாமல் கடைசி வரியைத் தாண்டியது, கதை முடிந்தது. மற்றவற்றுக்கு & இருக்கட்டும். விண்டோ மேனேஜர் கடைசி வரியில், & இல்லாமல், முன்னால் எக்ஸெக் என்ற சொல்லோடு இருக்க வேண்டும்.

சரி, மெனுவில் ஐகானை கிளிக் செய்யும்போது துல்லியமாக என்ன நடக்கிறது?

ஒவ்வொரு ஐகானுக்கும் பின்னால் 'டெஸ்க்டாப்' என்று முடியும் ஒரு சின்ன உரைக் கோப்பு இருக்கிறது. பொதுவானவை யூஎஸ்ஆருக்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில். உங்களுடையவை ஹோமில், லோக்கல் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் அதே போன்ற இடத்தில். திறந்து பாருங்கள்: பெயர், ஐகான், அப்புறம் 'எக்ஸெக்' என்ற வரி. அந்த வரிதான் ஓடப்போவது.

பலர் சறுக்குவது இந்த வரியில்தான். பார்ப்பதற்கு ஷெல் கட்டளைபோல இருக்கும், ஆனால் அதை எந்த ஷெல்லும் (டெர்மினலில் டைப் செய்வதைப் படித்து ஓட்டும் நிரல்) படிப்பதில்லை. ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் ~ குறி இங்கே விரியாது. டாலர் போட்ட மாறிகள் விரியாது. ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய்க் குறியும் (|) வேலை செய்யாது. அவை வேண்டுமென்றால் எஸ்ஹெச் என்ற ஷெல்லை நீங்களே அந்த வரியில் கூப்பிட்டு, கட்டளையை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். மாறாக, ஷெல்லில் இல்லாத சில குறிகள் இங்கே உண்டு. % குறிக்குப் பின் சிறிய எஃப் வந்தால் ஒரு கோப்பு, பெரிய எஃப் வந்தால் பல கோப்புகள், யூ வந்தால் இணைய முகவரியும் சேர்த்து. பிடிஎஃப் கோப்பை இரட்டை கிளிக் செய்தால் அதன் பெயர் நிரலுக்குப் போய்ச் சேர்வது இந்த இடத்தில்தான்.

வரியைப் படித்த பிறகு டெஸ்க்டாப் ஷெல் (மெனுவைக் காட்டும் நிரல், கட்டளை ஷெல் அல்ல) ஃபோர்க், எக்ஸெக் செய்யும். இன்றைய க்னோமிலும், இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇயிலும் அதோடு நிற்பதில்லை. புதுப் ப்ராசஸுக்குச் சிஸ்டம்டியிடம் ஒரு தனிக் கூண்டு வாங்கித் தரும். நிரலும் அதன் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூண்டுக்குள் இருப்பதால், எது எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று நிரல்வாரியாகப் பார்க்கலாம், மொத்தமாக நிறுத்தவும் முடியும். கூடவே ஒரு டோக்கனையும் சூழல் மாறியில் வைத்து அனுப்பும். மவுஸ் குறி சுற்றிக்கொண்டிருந்து, விண்டோ வந்ததும் நிற்கிறதே, "நான்தான் நீங்கள் கிளிக் செய்த ஆள்" என்று நிரல் அந்த டோக்கனைத் திருப்பிக் காட்டுவதால்தான்.

டெர்மினலில் ஓடுவது ஐகானில் ஏன் ஓடுவதில்லை?

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. டெர்மினலில் ஓட்டினால் தாய் பேஷ் என்ற ஷெல். ஐகானில் ஓட்டினால் தாய் டெஸ்க்டாப் ஷெல்.

பேஷ் உட்கார்ந்ததும் உங்கள் பேஷ்ஆர்சி கோப்பைப் படித்திருக்கும். நீங்கள் அதில் பாத், ஜாவா ஹோம், ப்ராக்ஸி என்று எழுதிவைத்தவை எல்லாம் அதன் பிள்ளைகளுக்கும் போகும். டெஸ்க்டாப் ஷெல் அந்தக் கோப்பை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. பேஷ்ஆர்சி, உரையாடும் ஷெல்லுக்கு மட்டுமான கோப்பு.

சூழல் மாறியை எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும் என்றால் வம்சத்தில் மேலே உள்ளவரிடம் வைக்க வேண்டும். ஹோமில் உள்ள ப்ரொஃபைல் கோப்பு ஓர் இடம். பல டிஸ்ட்ரோக்களில் லாகின் செஷன் தொடங்கும்போது அது படிக்கப்படும், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. சிஸ்டம்டி உள்ள இடங்களில் ஹோமின் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் 'என்விரான்மென்ட் டாட் டி' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் 'கான்ஃப்' என்று முடியும் கோப்பில் எழுதுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அதை யூசர் மேனேஜரே படிக்கும்.

எழுதிவிட்டு லாகவுட் செய்து மறுபடி லாகின் செய்ய வேண்டும். ஏற்கெனவே பிறந்த ப்ராசஸின் சூழலை வெளியிலிருந்து யாரும் மாற்றிக்கொண்டிருப்பதில்லை. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: யூசர் மேனேஜர் ஓர் ஆளுக்கு ஒன்றுதான். அதே மெஷினுக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) வழியாக இன்னொரு செஷன் திறந்து கிடந்தால், நீங்கள் டெஸ்க்டாப்பை லாகவுட் செய்தாலும் அது சாகாது. பழைய மதிப்புகளையே வைத்துக்கொண்டிருக்கும். எதை மாற்றியும் பலனில்லை என்று தோன்றும் நாளில் மெஷினையே ரீபூட் செய்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சந்தேகமாக இருந்தால் ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். ப்ராக் ஃபோல்டருக்குள் ப்ராசஸ் எண்ணின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதனுள் 'என்விரான்' என்ற கோப்பில், அந்தப் ப்ராசஸ் எக்ஸெக் ஆனபோது கையில் என்னென்ன மாறிகள் இருந்தன என்பது அப்படியே கிடக்கும்.

தமிழ் ஒரு நிரலில் டைப் ஆகிறது, இன்னொன்றில் வெறும் ஆங்கிலமாக விழுகிறது. இதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நேரடிச் சம்பந்தம். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல் வழியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் தனி ப்ராசஸ்தான். நிரல் அதனோடு பேச வேண்டும் என்று மூன்று சூழல் மாறிகள் சொல்லும். ஜிடிகே, க்யூட்டி இரண்டும் விண்டோ நிரல்களை எழுத உதவும் நூலகங்கள்: ஜிடிகே நிரல்களுக்கு 'ஜிடிகே ஐஎம் மாட்யூல்', க்யூட்டி நிரல்களுக்கு 'க்யூட்டி ஐஎம் மாட்யூல்', பழைய எக்ஸ் நிரல்களுக்கு 'எக்ஸ்மாடிஃபையர்ஸ்'. இவற்றை யாரோ சொன்னார்கள் என்று பேஷ்ஆர்சியில் எழுதியிருந்தால், டெர்மினலிலிருந்து திறந்த எடிட்டரில் தமிழ் வரும், மெனுவிலிருந்து திறந்த அதே எடிட்டரில் வராது. பலரும் எழுத்துருவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். க்னோமின் வேலண்ட் செஷனில் ஜிடிகே நிரல்கள் கம்பாசிட்டர் மூலமாகவே பேசிக்கொள்வதால் அங்கே முதல் மாறி தேவையே இல்லை.

டெர்மினலிலிருந்து திறந்த நிரல், டெர்மினலை மூடியதும் கூடவே செத்துவிடுகிறது. ஏன்?

டெர்மினல் விண்டோ மூடும்போது கெர்னல் ஷெல்லுக்கு 'ஹேங்அப்' என்ற சிக்னலை அனுப்பும். தொலைபேசிக் கம்பி வழியாக யூனிக்ஸில் உட்கார்ந்த காலத்துப் பெயர் அது: எதிர்முனையில் ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்று பொருள். பேஷ் அந்தச் சிக்னலைத் தன் வேலைகள் அனைத்துக்கும் திருப்பி அனுப்பும். கையாளாத நிரல்கள் இறக்கும். & போட்டாலும் அது பின்னணிக்குத்தான் போகிறதே தவிர, குடும்பத்தைவிட்டுப் போவதில்லை. முன்னால் 'செட்எஸ்ஐடி' போட்டு ஓட்டினால் தனிக் குடித்தனம். டெர்மினலோடு உறவே கிடையாது. ஏற்கெனவே & போட்டுத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் 'டிஸ்ஓன்' என்று டைப் செய்யலாம். டெர்மினலை மவுஸால் மூடாமல், எக்ஸிட் என்று டைப் செய்து வெளியேறினால், பேஷின் இயல்பான அமைப்பில் பின்னணி நிரல்கள் தப்பித்துக்கொள்ளும்.

பெற்றவர் முதலில் இறந்துவிட்டால் அந்தப் பிள்ளையை யார் எடுத்துக்கொள்வார்கள்? யூனிக்ஸ் மரபில் ப்ராசஸ் எண் 1. லினக்ஸில் 2012இன் 3.4 கெர்னலிலிருந்து, இடையில் உள்ள ஒரு மூதாதையும் "அநாதைகளை என்னிடம் விடுங்கள்" என்று பதிந்துகொள்ளலாம். யூசர் மேனேஜர் அப்படித்தான் செய்கிறது.

இரண்டாவது முறை கிளிக் செய்தால் புதுப் ப்ராசஸ் வரவில்லையே?

வந்தது, நீங்கள் பார்ப்பதற்குள் போய்விட்டது. பல நிரல்கள் பிறந்ததும், நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் தடமான டி-பஸ்ஸில் "என் பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கும். இருந்தால் கையில் உள்ள கோப்பின் பெயரை அவரிடம் ஒப்படைத்துவிட்டு இறந்துவிடும். சில நிரல்களை டெஸ்க்டாப் ஷெல் ஃபோர்க் செய்வதுகூட இல்லை. டி-பஸ்ஸுக்குச் செய்தி மட்டும் அனுப்பும், தொடங்கிவைப்பது வேறு ஆள்.

க்னோம் டெர்மினல் இதில் பெரிய ஏமாற்றுக்காரர். நீங்கள் ஓட்டும் கட்டளை, பின்னால் ஏற்கெனவே ஓடும் ஒரு டெர்மினல் சர்வருக்குச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதன் எல்லா விண்டோக்களும் அந்த ஒரே ப்ராசஸுக்குச் சொந்தம்.

சூடோ போட்டு (அதாவது ரூட் உரிமையோடு) வரைகலை நிரலை ஓட்டலாமா?

வேண்டாம். எக்ஸில் உள்ளே வர முகவரி மட்டும் போதாது, ரகசியக் குக்கீயும் வேண்டும். 128 பிட் நீளமுள்ள அந்தக் குக்கீ உங்கள் ஹோமில் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பில் இருக்கலாம். யூசர் மாறியதும் நிரல் வேறு ஹோமில் தேடிவிட்டுக் கைவிரிக்கும். வேலண்டில் சாக்கெட் இருக்கும் ஃபோல்டரின் பெயரே சூழலோடு தொலைந்துபோகும். இதற்கு, யார் வேண்டுமானாலும் எக்ஸுக்குள் வரலாம் என்று சொல்லும் 'எக்ஸ்ஹோஸ்ட் +' கட்டளையைப் போடச் சொல்வார்கள். அது வீட்டுச் சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றிவைக்கிற வேலை.

ஒருவேளை ஓடிவிட்டாலும் ஆபத்துதான். உங்கள் ஹோமில் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகளை விட்டுவிட்டுப் போகும். எக்ஸ்அத்தாரிட்டி கோப்பே ரூட் கைக்குப் போய்விட்டால், சரியான கடவுச்சொல் கொடுத்தும் லாகின் திரை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அப்படி நடந்தால் உரை டெர்மினலில் நுழைந்து கோப்பின் உரிமையாளரை மாற்றினால் போதும்.

எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவில் உள்ள மெஷினின் எக்ஸ் விண்டோவை இங்கே வரவழைத்தால் ப்ராசஸ் எந்த மெஷினில் ஓடுகிறது?

தொலைவில் உள்ள மெஷினில். விண்டோ மட்டும் உங்கள் மேசையில். ஆகவே எக்ஸ் உலகில் உங்கள் மடிக்கணினிதான் சர்வர், பெரிய மெஷினில் ஓடும் நிரல் கிளையன்ட். பெயர்கள் தலைகீழாகத் தெரிவது இதனால்தான். அங்கே டிஸ்ப்ளே மாறியைப் பார்த்தால் லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்பதுபோல இருக்கும். எக்ஸின் போர்ட் 6000 என்பதோடு 10ஐக் கூட்டினால் 6010. அங்கே எஸ்எஸ்ஹெச் காத்திருந்து வருவதைச் சுரங்கம் வழியாக உங்களிடம் அனுப்புகிறது.

குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரானில் வைத்த நிரல் விண்டோ காட்டவில்லை.

க்ரானின் வம்சத்தில் டெஸ்க்டாப் யாரும் இல்லை, முகவரி தெரியாது. அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டியின் யூசர் டைமரைப் பயன்படுத்துங்கள்.

ஃபோர்க் செய்துவிட்டு எக்ஸெக் செய்யாமலே நிரல் தொடங்க முடியுமா?

முடியும், அழகான தந்திரம் அது. பெரிய வரைகலை நிரல் தொடங்கும்போது நேரம் தின்பது ஃபோர்க் அல்ல, டஜன்கணக்கான நூலகங்களை ஏற்றி இணைப்பதுதான். கேடிஇ அந்த நாளிலேயே கேடிஇஇனிட் என்றொரு ப்ராசஸை வைத்திருந்தது. பொதுவான நூலகங்களை எல்லாம் முன்பே ஏற்றிக்கொண்டு அது காத்திருக்கும். நிரல் வேண்டும் என்றதும் ஃபோர்க் மட்டும் செய்து, நிரலையும் ஒரு நூலகமாக ஏற்றி ஓட்டும். பக்கவிளைவாக, பட்டியலில் எல்லாம் கேடிஇஇனிட் என்றே தெரியும். எதைக் கொல்வது என்று தெரியாமல் விழிப்போம். இப்போது கேடிஇ அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஒவ்வொரு ஆப்பும் இன்றும் இப்படித்தான் பிறக்கிறது, ஸைகோட் என்ற ப்ராசஸின் வயிற்றிலிருந்து. லினக்ஸில் ஓடும் குரோமிலும் அதே பெயரில் ஒன்று உண்டு.

மேக்கில்?

அங்கே வம்சம் தட்டையானது. மேக்கின் கோப்பு நிரலான ஃபைண்டரில் கிளிக் செய்தாலும் நிரலைப் பெறுவது லாஞ்ச்டி. 2005இல் மேக் ஓஎஸ் எக்ஸின் டைகர் பதிப்போடு வந்த அது, ப்ராசஸ் எண் 1. டெர்மினலில் 'ஓப்பன்' கட்டளை கொடுத்தாலும் அதே கதைதான். ஷெல்லின் பாத் மாறி ஐகான் நிரலுக்குத் தெரியாது என்ற புலம்பல் அங்கேயும் உண்டு.

ஐகானிலிருந்து ஓடிய நிரல் செத்தால் பிழைச்செய்தி எங்கே போகிறது?

பெற்றவர் எந்தக் கோப்பைக் கையில் கொடுத்தாரோ அங்கே. பழைய எக்ஸ் செஷன்களில் ஹோமில் 'எக்ஸ்செஷன்எரர்ஸ்' என்ற மறைந்த கோப்பு. சிஸ்டம்டி உள்ள இடங்களில் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் யூசர் பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

விண்டோவை மூடினால் ப்ராசஸும் முடிந்ததா?

விண்டோ மூலையில் உள்ள × குறியை அழுத்துவது ஒரு வேண்டுகோள் மட்டுமே: "மூடச் சொல்கிறார்கள்" என்ற செய்தி நிரலுக்குப் போகும். சேமிக்கவா என்று அது கேட்கலாம், மூலையில் சின்ன ஐகானாக ஒதுங்கலாம். விண்டோவைக் கிளிக் செய்து வலுக்கட்டாயமாக மூடும் எக்ஸ்கில் கட்டளைகூடப் ப்ராசஸைக் கொல்வதில்லை. எக்ஸ் சர்வரோடு அதற்குள்ள தொடர்பைத்தான் வெட்டுகிறது. தொடர்பு போன அதிர்ச்சியில் பெரும்பாலான நிரல்கள் தாமாக இறந்துவிடும், அவ்வளவுதான். எஸ்எஸ்ஹெச் வழியாக வந்த விண்டோவையும் அதனால்தான் எக்ஸ்கில் மூட முடிகிறது. கில் கட்டளையால் அந்தத் தொலைதூரப் ப்ராசஸை உங்கள் மெஷினிலிருந்து எட்டவே முடியாது.